நாரை பொறித்த ராலே
பழைய ராலே சைக்கிளின் வயது பின்சக்கரத்தில் இருக்கிறது. ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பின் அழுக்கைத் துடைத்தால் எண்கள் தெரியும். 56, 3 என்றிருந்தால் அந்த ஹப் 1956 மார்ச்சில் செய்தது. சக்கரத்தை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். வண்டி ராலேதானா என்பதற்குப் பெடல் பல்சக்கரத்தையும் பாருங்கள். ராலேயைச் செய்த நாட்டிங்காம்காரர்கள் இரும்பிலேயே நாரைத் தலைகளை வெட்டியெடுத்திருப்பார்கள். ஓட்டத்துக்கு அது தேவையே இல்லை. வெறும் அழகுக்காக அவ்வளவு வேலை! எனக்கு இந்த வண்டியில் ஆகப் பிடித்தது அதுதான்.

புதுப் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். அந்தக் கறுப்பு எனாமலும் தங்கக் கோடும் போனால் போனதுதான். குரோமியத் துருவுக்கு நனைத்த அலுமினியத் தாள் போதும். பெடல் அச்சைத் தாங்கும் கப்புகளைத் தூக்கி எறியாதீர்கள்: ராலேயின் மரை அங்குலத்துக்கு 26, மற்றவற்றின் 24 அதில் ஏறாது.