சுழல்: வீட்டுக்குள் வென்றது, ஆலை வாசலில் தோற்றது

குடும்பத்தையும் மர்மத்தையும் ஒன்றாகக் கோத்துத் தமிழில் வந்த தொடர்களில், திருப்பூர்க்காரர்கள் உட்கார்ந்து அலச வேண்டியது 'சுழல்'தான். அதில் ஒரு ஆலை இருக்கிறது. தொழிற்சங்கம் இருக்கிறது, வேலைநிறுத்தம் இருக்கிறது. பெற்றவர்கள் வேலையும் போராட்டமுமாக ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் பிள்ளைகள் யாருடைய பொறுப்பில் வளர்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால்தான் வாடகையும் வட்டியும் போகக் கையில் நாலு காசு நிற்கும் ஊர் இது. அந்தக் கேள்வி இங்கே ஒவ்வொரு லைன் வீட்டுக் கதவையும் தட்டும்.

முடிவைச் சொல்லாமல் இந்தத் தொடரை அலச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வந்தது முதல் பாகம். மொத்தம் 8 பகுதிகள். 'ஓரம் போ', 'விக்ரம் வேதா' எடுத்த புஷ்கர் - காயத்ரி எழுதினார்கள். முதல் நான்கு பகுதிகளை 'குற்றம் கடிதல்' பிரம்மாவும், அடுத்த நான்கைக் 'கிருமி' அனுசரணும் இயக்கினார்கள். கதை நடக்கும் இடம் சாம்பலூர் என்ற கற்பனை ஊர். அங்கே ஒரு சிமென்ட் ஆலை. தொழிற்சங்கத் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன். போராட்டத்தை அடக்க வரும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி. ஒரே இரவில் ஆலை தீப்பிடிக்கிறது, சண்முகத்தின் இளைய மகள் நிலாவும் காணாமல் போகிறாள். அக்கா நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ் ஊருக்குத் திரும்பி வருகிறார். எஸ்.ஐ. சக்கரையாகக் கதிர் விசாரணையில் இறங்குகிறார். ஊரில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது.

பலத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது சாதாரணப் பலம் இல்லை. கடைசியில் குற்றவாளியாக நிற்பவர் குணா, சண்முகத்தின் உடன்பிறப்பு. அக்கா, தங்கை இருவருமே சிறு வயதில் அவரால் சிதைக்கப்பட்டவர்கள். ஆலை அதிபரின் மகன், ஊரை விட்டு ஓடிய காதலன், கோபக்காரத் தகப்பன் என்று ஒவ்வொருவர் மீதாகச் சந்தேகத்தைச் சுற்றவிட்டு, கடைசியில் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது கதை. எல்லோரும் நம்பி விட்டுவிட்டுப் போகும் மனிதர் அவர். இளங்கோ குமரவேல் அந்தப் பாத்திரத்தில் குரலை ஒரு இடத்திலும் உயர்த்தவில்லை. சாந்தமாக, அனுசரணையாக, கேட்டதும் உதவி செய்கிறவராக வருகிறார். அதனால்தான் உண்மை தெரிந்த பிறகு, முன்னால் பார்த்த காட்சிகளை மனம் தானாகவே திரும்பப் போட்டுப் பார்க்கிறது.

நம் ஊரில் இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போகும் டெய்லரம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வர இரவு எட்டரை. கணவர் கட்டிங்கிலோ நிட்டிங்கிலோ இருந்தால் அவருக்கும் அதே நேரம்தான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வந்துவிடும். இடையில் இருக்கும் அந்த நாலு மணி நேரத்தைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு அக்கா, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமா, ஒன்றுவிட்ட சித்தப்பா. தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும், இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருக்கும் மக்களுக்குச் சொந்த ஊரின் காவல் கண்கள் இங்கே கிடையாது. கிடைத்த உறவை நம்புகிறார்கள். நம்பாமல் பிழைக்கவும் முடியாது. பெரும்பாலான உறவினர்கள் அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவர்களே. ஆனால் பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்படுகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் பதிவு செய்துவருகிறது. 'சுழல்' கை வைத்திருப்பது அந்த இடத்தில்.

நடிப்பில் முதல் இடம் ஸ்ரேயா ரெட்டிக்கு. நிலாவோடு சேர்ந்து காணாமல் போன பையன் ரெஜினாவின் மகன் என்று தெரியவரும் இடத்திலிருந்து அவருடைய நடையே மாறிவிடுகிறது. சீருடையில் இருக்கும்போது இன்ஸ்பெக்டர், வீட்டுப் படி ஏறும்போது தாய் என்று பிரித்துக் காட்டியிருந்தால் அது வழக்கமான நடிப்பு. அவர் சீருடையிலேயே தாயாக உடைகிறார். ஐஸ்வர்யா ராஜேஷுக்குப் பேச்சு குறைவு. அதுவே அந்தப் பாத்திரத்துக்கு வலு. அப்பாவோடு ஒட்டாமல் விலகி நிற்பதற்கு அவர் சொல்லும் காரணங்கள் எதுவும் போதாதவையாகத் தோன்றும்; உண்மைக் காரணம் வெளிவரும்போது அந்தப் போதாமைக்கு அர்த்தம் கிடைக்கிறது. கதிர் நிதானம். 'கிருமி'யில் அனுசரணுடன் வேலை செய்தவர் என்பதாலோ என்னவோ, பின்பாதியில் இன்னும் இயல்பாக இருக்கிறார். பார்த்திபன் முதல் இரண்டு பகுதிகளில் பார்த்திபனாகவே பேசுகிறார், அந்த வார்த்தை விளையாட்டு சண்முகத்துக்கு ஒட்டவில்லை. மகள் போன பிறகு அந்தச் சாமர்த்தியம் உதிர்ந்து வெறும் அப்பாவாக நிற்கிறார். அங்கே ஜெயிக்கிறார்.

இரண்டு இயக்குநர்கள் பாதிப் பாதியாக எடுத்தார்கள் என்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். பிரம்மா மனிதர்களின் முகத்தில் நிற்கிறார், அனுசரண் விசாரணையின் வேகத்தில் ஓடுகிறார். பள்ளியில் ஒரு அறையால் ஆசிரியைக்கும் மாணவனுக்கும் நேர்வதை வைத்து 'குற்றம் கடிதல்' எடுத்தவருக்கு, பிள்ளைகளின் காயத்தைத் தொடும் கை நன்றாகவே வாய்த்திருக்கிறது. நான்காம் பகுதி வரை இருந்த அந்தக் கை பின்பாதியில் குறைந்துவிட்டது என்பது என் கணிப்பு.

இனி ஆலை. தொடரின் பெரிய தோல்வி அங்கேதான்.

தொடக்கத்தில் வேலைநிறுத்தம், வாயிற்கூட்டம், போலீஸ் தடியடி எல்லாம் வருகின்றன. தீ வைத்தது யார், காப்பீட்டுப் பணம் யாருக்குப் போகும் என்று ஒரு கிளையும் ஓடுகிறது. ஆனால் நாலைந்து பகுதிகளுக்குள் தொழிலாளர்கள் கூட்டமாக மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய வீட்டு அடுப்புக்கூடக் கதைக்குள் வரவில்லை. ஆலை எரிந்துவிட்டது, சரி. அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும்? கடன் கொடுத்தவன் எப்போது வாசலில் வந்து நிற்பான்? பிள்ளைக்கு ஃபீஸ் எப்படிக் கட்டுவார்கள்? இங்கே ஒரு வேஸ்ட் குடோன் எரிந்தால்கூடத் தீயணைப்பு வண்டி திரும்பிப் போவதற்கு முன்பே ஜனங்கள் பேசத் தொடங்குவது சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றித்தான். சாம்பலூர்க்காரர்கள் அதைப் பேசவே இல்லை.

இது சின்னக் குறை இல்லை. திருப்பூர் 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர். அத்தனை நாள் உலை எப்படிக் கொதித்தது, எந்தக் கடை கடன் கொடுத்தது, எந்த உறவு கதவைச் சாத்திக்கொண்டது என்பதெல்லாம் குடும்பங்களின் உள்ளே நடந்த கதைகள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் அடி விழுந்தது வீட்டுக்குள்தான். வேலை போனால் கணவன் மனைவிக்குள் என்ன நடக்கிறது, வயசுக்கு வந்த பெண்ணின் படிப்பு என்ன ஆகிறது என்பது எந்தக் கொலை மர்மத்துக்கும் குறையாத பதற்றம். ஆலையும் குடும்பமும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள். 'சுழல்' அந்தக் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டு ஒரு நுனியை நழுவவிட்டது. சண்முகம் தொழிற்சங்கத் தலைவராக இல்லாமல் வேறு எந்த வேலை பார்த்திருந்தாலும் குணாவின் கதை மாறியிருக்காது. போராட்டத்திலேயே கிடந்த தகப்பன் வீட்டில் நடந்ததைக் காணத் தவறினார் என்ற இணைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை ஓரிரு வசனத்தில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

அடுத்தது மர்மத்தைக் கையாளும் முறை. ஜப்பானில் 2010-இல் நிப்பான் டெலிவிஷனில் 11 வாரம் ஓடிய 'மதர்' தொடரை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். எழுதியவர் யூஜி சகாமோதோ. ஹொக்கைடோவின் முரோரானில் ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியை, தன் மாணவி வீட்டில் வதைபடுவதைக் கண்டுபிடிக்கிறாள். பிள்ளை கடலில் விழுந்து இறந்துவிட்டாள் என்று ஊரை நம்பவைத்து, வேறு பெயர் சூட்டி, தன் மகளாகத் தோக்கியோவுக்குக் கூட்டிப் போகிறாள். வதைத்தது யார் என்பதில் அங்கே மர்மமே இல்லை. முதல் வாரத்திலேயே பெற்ற தாயையும் அவளோடு வாழும் ஆணையும் காட்டிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் நம்மைப் பதற வைப்பது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை பிடிபட்டுத் திரும்பவும் அந்த வீட்டுக்கே போய்விடுமோ? மர்மம் முழுக்கப் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. துருக்கியும் கொரியாவும் அதைத் தங்கள் மொழியில் திரும்ப எடுத்ததற்கு இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

'சுழல்' எதிர் வழியில் போகிறது. குற்றவாளியின் பெயரைக் கடைசி வரை பொத்தி வைக்கிறது. ஏழு பகுதிகளில் போலிச் சந்தேகங்களுக்கு நேரம் போய்விடுவதால், நந்தினி தன் காயத்தைச் சொல்லவும் சண்முகம் அதைத் தாங்கவும் கிடைப்பது கடைசிப் பகுதி மட்டுமே. தன் வீட்டில், தன் கண் எதிரில் இரண்டு மகள்களுக்கும் நடந்ததைத் தெரிந்துகொண்ட தகப்பன் மறுநாள் காலை எப்படி எழுந்திருப்பான்? அதைப் பார்க்க ஒரு முழுப் பகுதி வேண்டும். கிடைத்தது சில நிமிடங்கள். திருப்பம் அதிர்ச்சி கொடுத்தது. அதிர்ச்சி அடங்கும் முன் தொடர் முடிந்துவிட்டது.

முடிவிலும் எனக்கு வருத்தம் உண்டு. நந்தினி குணாவைக் கொன்றுவிடுகிறாள். திருவிழா ஆவேசத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்தக் காட்சி உடம்பை உலுக்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் 2012-இலேயே போக்சோ சட்டம் வந்துவிட்டது. பிள்ளைக்கு நேர்ந்ததை அறிந்தவர் புகார் செய்தாக வேண்டும் என்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. கதையின் நாயகன் ஒரு போலீஸ் அதிகாரி. அப்படியிருந்தும், பாதிக்கப்பட்ட பெண் தானே ஆயுதம் எடுத்தால்தான் தீரும் என்ற பழைய பாதையிலேயே கதை போய் நின்றது.

மயானக் கொள்ளையைப் பயன்படுத்திய விதம் பாதி பலம், பாதி பலவீனம். பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் குண்டத்தையும், ஆனைமலை மாசாணியம்மனின் மயான பூஜையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் திருவிழா இரவில் ஊரின் குணமே மாறும் என்பது தெரியும். வேடம் போட்ட முகங்களுக்கு நடுவே யார் யாரென்று தெரியாத அந்த நிலையைக் கேமரா நன்றாகப் பிடித்திருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாகா இயக்கிய, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விடாது கருப்பு' தொடரும் கிராம தெய்வத்தையும் காயப்பட்ட மனதையும் பின்னித்தான் வீடு வீடாக நம்மைக் கட்டிப்போட்டது. அதில் தெய்வம் கதையின் உயிர். 'சுழல்' தொடரில் சில இடங்களில் அம்மன் கதைக்கு விளக்கம் சொல்லும் வேலைக்கு இறங்கிவிடுகிறாள்.

இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரி 28 அன்று வந்தது. இயக்கம் பிரம்மாவும் சர்ஜுனும். காளிப்பட்டினத்தில் அஷ்டகாளித் திருவிழா, பூட்டிய அறைக்குள் வக்கீல் செல்லப்பாவின் உடல், கொன்றது நான்தான் என்று தனித்தனியாகச் சரணடையும் எட்டுப் பெண்கள். எட்டுக் காளி, எட்டுப் பெண், எட்டுப் பகுதி என்ற கணக்கு காகிதத்தில் அழகு. திரையில் யாரையும் முழுதாக அறிய விடாமல் தடுத்துவிட்டது. செல்லப்பாவாக வரும் லால் மட்டும் மனதில் தங்குகிறார். சிறையில் இருக்கும் நந்தினியின் வழக்கை நீதிமன்றம் வரை கொண்டுபோனது சரியான முடிவு. ஆனால் அதற்குக் கொடுத்த இடம் போதாது.

ஆக, என் தீர்ப்பு இது. முதல் பாகத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும் தொடர் இல்லை, பெற்றவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியது. இரண்டாம் பாகத்தை லாலுக்காகப் பார்க்கலாம், தவறவிட்டாலும் நஷ்டமில்லை. பார்த்து முடித்த பிறகு, அந்த நாலரை மணி முதல் எட்டரை மணி வரை உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள், பிள்ளையிடம் பேசுங்கள். ஏதாவது தவறாகப் பட்டால் 1098-ஐ அழைக்கலாம். அது சிறுவர் உதவி எண், கட்டணம் கிடையாது.