ஷார்வெங்காவின் முதலாம் பியானோ கொன்சேற்றோவும் கேட்போர் சுவையும்

மேனாட்டிசையிலே கொன்சேற்றோ என வழங்குவது, தனிக்கருவி ஒன்று பல்லியத்தோடு ஒருகால் எதிர்நின்றும் ஒருகால் இயைந்தும் இசைக்குமாறு இயற்றப்படும் பேருருவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பியானோவுக்கென இயற்றப்பட்ட கொன்சேற்றோக்கள் மிகப் பல. அவற்றுள் இன்று அரங்குகளில் மீட்டும் மீட்டும் ஒலிப்பன மிகச் சிலவே. எஞ்சியவற்றைக் குறித்து, காலம் அவற்றைத் தூற்றிப் பதரெனத் தள்ளிற்று என ஒரு வாக்கியத்தாற் கூறி அமைவர் இசைநூலார் பலர். காலம் தானாக எதனையும் தூற்றுவதில்லை. வாசிப்போர், பதிப்போர், அரங்கு நடத்துவோர், கேட்போர் ஆகிய மாந்தரே தூற்றுகின்றனர். அவர்தம் கையிலுள்ள சுளகு எத்தகையது என்பதும் ஆராயத்தக்கது. சாவர் ஷார்வெங்கா என்பார் இயற்றிய முதலாம் கொன்சேற்றோ அவ்வாராய்ச்சிக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஷார்வெங்கா 1850 ஆம் ஆண்டில், அந்நாளிற் பிரசிய ஆட்சிக்குட்பட்டிருந்த போசன் மாகாணத்திற் பிறந்தவர். அவர் பிறந்த ஊர் இன்று போலந்து நாட்டில் உளது. இளமையிலேயே பேர்ளின் சேர்ந்து, தியோடோர் குல்லாக் நடத்திய இசைக்கல்லூரியிற் பயின்று, பியானோ வாசிப்பிற் பெரும்புகழ் ஈட்டினார். 1881 இல் அந்நகரிலே தாமே ஓர் இசைக்கல்லூரியை நிறுவினார். 1891 இல் நியூயோர்க் சென்று அங்கும் கற்பித்தார். 1898 இல் மீண்டார். 1924 இல் மறைந்தார். இளமையில் அவர் எழுதிய போலந்து நடனம் ஒன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பியானோ உள்ள வீடெங்கும் புகுந்தது. பெரிய உருக்கள் பல இயற்றிய ஒருவரைச் சில நிமிட நேரச் சிறு நடனம் ஒன்றின் ஆசிரியராகவே உலகம் நினைவிற் கொண்டமை இரங்கத்தக்கதே.

அவர் இயற்றிய பியானோ கொன்சேற்றோக்கள் நான்கு. முதலாவது பி பிளாற் மைனர் என்னும் சுரநிலையில் அமைந்தது. லிஸ்ற்றுக்கு உரிமை செய்யப்பெற்றது. 1870 களின் நடுவில் உருப்பெற்றது. முதலிற் பியானோவுக்கு மட்டுமே உரிய கற்பனையுருவாக எழுதப்பட்டுப் பின்னரே பல்லியத்தோடு சேர்த்து விரிக்கப்பட்டது என்பர். இச்செய்தி வெறும் வரலாற்றுக் குறிப்பன்று. உருவின் குணமும் குற்றமும் இரண்டுமே இதிலிருந்து பிறக்கின்றன. நீண்ட பல்லிய முன்னுரையைக் கேட்போர் ஈண்டுக் காணார். கடுமை பொருந்திய சில அடிகளின் பின் பியானோ புகுந்துவிடுகிறது. புகுந்தபின் அது ஓய்வதும் அரிது. முதற்பகுதியின் நடுவிலேயே வேகம் தணிந்து மெல்நடைப்பகுதி ஒன்று விரிகின்றது. ஏனைய கொன்சேற்றோக்களில் இரண்டாம் பகுதியாகத் தனித்து நிற்கும் மெல்லிசை இங்கே முதற்பகுதியின் உள்ளே வைக்கப்பட்டுள்ளது. ஆதலின் இரண்டாம் பகுதி துள்ளி ஓடும் ஸ்கேர்ற்சோவாகின்றது. மூன்றாம் பகுதியில் முதற்பகுதியின் கருப்பொருள்கள் மீண்டு தோன்றுகின்றன.

தோன்றிய நாளில் இவ்வுரு கேட்பாரற்றுக் கிடந்ததன்று. 1877 ஆம் ஆண்டில் வியன்னா இசைக்கல்லூரியின் மாணவராயிருந்த குஸ்தாவ் மாலர் இதன் முதற்பகுதியை வாசித்தார். பின்னாளிற் பெரும் இயற்றுநராக விளங்கவிருந்த ஒருவர் தம் ஆற்றலைக் காட்டுதற்கு இதனைத் தேர்ந்தார் எனின், அக்காலச் செவிக்கு இது எத்துணை உயர்ந்ததாய்த் தோன்றிற்று என்பது விளங்கும்.

பின்னர் இது மறைந்தது எவ்வாறு? முதற்காரணம் ஓர் ஒப்பீடு. ஷார்வெங்கா இதனை ஆக்கிய அதே ஆண்டுகளில், அதே பி பிளாற் மைனரில், உருசிய நாட்டு இயற்றுநர் சைக்கோவ்ஸ்கியும் தம் முதலாம் கொன்சேற்றோவை ஆக்கினார். 1874 ஆம் ஆண்டின் இறுதியில் அதனைக் கேட்ட நிக்கொலாய் றூபின்ஸ்ரைன் அது வாசிக்க ஒவ்வாதது என இகழ்ந்தார். பின்னொரு காலத்தில் அவரே அதனை வாசித்தார் என்பது வேறு கதை. 1875 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஹான்ஸ் வொன் பியூலோ அதனைப் பொஸ்ரன் நகரில் அரங்கேற்றினார். இன்று மேனாட்டிசையை அரைகுறையாக அறிந்தாரும் அதன் தொடக்கத்தை அறிவர். ஒரே சுரநிலையில் எழுந்த இரண்டு கொன்சேற்றோக்களில் ஒன்று அறியப்பட்டபின் மற்றது அதன் நிழலிலேயே கேட்கப்பட்டது. "சைக்கோவ்ஸ்கியின் உருவிற் போல இதில் ஒரு பாட்டு இல்லையே" என்பது இதனைக் கேட்போர் வாயில் எளிதில் எழும் குறை.

இக்குறை சற்று நின்று நோக்கற்பாலது. சைக்கோவ்ஸ்கியின் தொடக்கத்தில் எழும் அப்பெரும் பாட்டு, அவ்வுருவின் முன்வாயிலில் ஒலித்து முடிந்தபின் எங்கணும் மீண்டு வருவதில்லை. அரை மணிக்கு மேல் நீளும் உருவினுள் எல்லோரும் நினைவிற் கொண்டு செல்வது சில நிமிட அளவில் முடிந்துபோகும் அம்முன்வாயிலையே. அதனோடு முழங்கும் பியானோவின் பேரொலிச் சுரக்கொத்துகளும் முதலில் எழுதப்பட்டபோது இன்றைய வடிவில் இருந்தில. பின்வந்த திருத்தங்களிலேயே இன்று கேட்கும் உருக்கொண்டன. இதனாற் சைக்கோவ்ஸ்கியின் பெருமை குறையாது. அவர் ஆக்கம் முன்வாயிலோடு முடிவதுமன்று. ஆயினும், கேட்போர் பெரும்பாலர் எதனைக் கேட்கின்றனர் என்பது இதனாற் புலனாகும். கைப்பிடியாகக் கொண்டுபோகத்தக்க ஒரு பாட்டையே செவி தேடுகின்றது. அது கிடைத்தவுடன் எஞ்சிய பகுதியை அதன் எதிரொலியாகக் கேட்டு மகிழ்கின்றது.

ஷார்வெங்காவின் உருவோ இதற்கு நேர்மாறானது. முணுமுணுத்துக்கொண்டு வீடு செல்லத்தக்க பாட்டு அதில் அரிது. அதன் கருப்பொருள்கள் குறுகியவை; கடுமையானவை; தனித்து நின்று மயக்குவன அல்ல. அவை வளர்ந்தும் மடங்கியும் வேறு பண்பு பெற்றும் செல்லும் செலவிலேயே இன்பம் உளது. தொடக்கத்திற் சினந்தெழுந்த ஒன்று மெல்நடைப்பகுதி தரும் அமைதியைக் கடந்து மீளும்போது பெறும் வேறுபாட்டை உணர்வோனுக்கே முதற்பகுதி பொருள்படும். நினைவில் நிற்கும் பாட்டு உயர்ந்ததெனவும், கேட்கும் பொழுதின்கண் மட்டும் ஆட்கொள்ளும் இசை தாழ்ந்ததெனவும் கொள்ளும் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று எவரும் வினவுவதில்லை. ஒரு நல்ல சொற்பொழிவைக் கேட்டுவந்தவர் அதன் ஒரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்ல இயலாதிருக்கலாம். அதனாற் சொற்பொழிவு வறிதாகிவிடாது.

இரண்டாவது காரணம் இசைத்தட்டு. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிட அளவே கொள்ளும். அரை மணி நேர உருவொன்றைப் பதிக்கப் பல தட்டுகள் வேண்டும், பெருஞ்செலவு வேண்டும். விலைபோகுமென அறிந்த உருவையே நிறுவனங்கள் நாடின. பதிக்கப்பட்டது மேலும் அறியப்பட்டது. அறியப்பட்டது மீட்டும் பதிக்கப்பட்டது. 1958 இல் மொஸ்கோ நகர்ப் போட்டியில் வென்ற வான் கிளைபேர்ண் என்னும் அமெரிக்க இளைஞரின் சைக்கோவ்ஸ்கி இசைத்தட்டு பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையானது. ஷார்வெங்காவின் உருவுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. அதனை வாசித்தவருள் முதன்மையானவர் இயற்றியவரே. அவர் மறைந்தபின் அதனை அரங்கேற்றுவார் அருகினர்.

எனினும் அது முற்றாக அழியவில்லை. அதனைக் காத்தது ஆசிரியர்–மாணாக்கர் வழி. ஷார்வெங்காவிடம் பயின்ற செல்மார் ஜான்சன் அமெரிக்காவிற் கற்பித்தார். அவரிடம் சிறுவயதிலே பாடங்கேட்டவர் ஏர்ள் வைல்ட். அச்சிறுவர் கற்ற உருக்களுள் இக்கொன்சேற்றோவும் ஒன்று. பல்லாண்டு கழிந்து, 1969 ஆம் ஆண்டில், எறிக் லைன்ஸ்டோர்ஃப் நடத்திய பொஸ்ரன் பல்லியத்தோடு அவர் அதனை இசைத்தட்டிற் பதித்தார். அரங்கு கைவிட்டதை வகுப்பறை கைவிடவில்லை. அவ்விசைத்தட்டைக் கேட்டவர்க்கு இவ்வுரு ஒரு பெயராக இருந்த நிலை மாறி ஓர் ஓசையாயிற்று. பின்னர் 1990 களில் ஸ்ரீவன் ஹஃப் என்னும் ஆங்கிலக் கலைஞர் லோறன்ஸ் பொஸ்ரர் நடத்திய பேர்மிங்காம் பல்லியத்தோடு ஷார்வெங்காவின் நான்காம் கொன்சேற்றோவைப் பதித்த இசைத்தட்டு, 1996 இல் கிராமபோன் என்னும் இதழின் அவ்வாண்டுச் சிறந்த பதிவுக்குரிய பரிசைப் பெற்றது.

இதன்பின் வேறொரு வகைக் கேட்போர் தோன்றினர். மறக்கப்பட்டது என்ற காரணத்தாலேயே ஒன்றைப் போற்றுபவர் அவர். "உலகம் இதற்குத் தீங்கிழைத்தது, சைக்கோவ்ஸ்கிக்கு இது எவ்வாற்றானும் குறைந்ததன்று" என அவர் வாதிடுவர். முன்னையோர் பிறர் புகழ்ந்ததைத் தாமும் புகழ்ந்தனர்; இவரோ பிறர் புகழாததைப் புகழ்கின்றனர். நன்னூலார் மாணாக்கரை வகுத்தபோது கிளியையும் உவமையாகக் கூறினார். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் கிளியும், அதற்கு மாறாக மட்டுமே சொல்லும் கிளியும் கிளிகளே. பரிவு என்பது நல்ல குணம். இசையைக் கேட்பதற்கு அது துணையாகாது. பரிவோடு கேட்பவர் குறைகளைக் கேளாமல் விடுவர். அதனால் நிறைகளையும் மங்கலாகவே கேட்பர்.

இவ்வுருவிற் குறைகள் உள. பல்லியம் பெரும்பாலும் பியானோவின் ஏவலாளாகவே நிற்கின்றது. தனிப்பியானோவுக்கென எழுந்த உருவின் வடு இதுவாகும். முதற்பகுதியில் உச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதலின் எது உண்மை உச்சம் எனத் தெரியாது செவி களைக்கின்றது. பேரொலியையே நம்பி நிற்கும் இடங்களும் உள. அவ்விடங்களில் வாசிப்பவரின் விரலாற்றலை வியக்கலாமன்றி இயற்றியவரை வியத்தற்கில்லை. வாசிப்பவர் அவ்விடங்களை விரைந்து கடந்து ஒளியூட்டலாம். வைல்ட் அவற்றில் நின்று முழங்குகிறார். எது தக்கது என்பதிற் கேட்போர் வேறுபடுவர். எனினும் விரைவே இவ்வுருவுக்கு நன்மை பயப்பது என்பது தெளிவு.

நடுவிலுள்ள ஸ்கேர்ற்சோவைப் பற்றிக் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அங்கே ஆரவாரம் ஒழிகின்றது. பியானோவும் பல்லியமும் ஒன்றன் சொல்லை மற்றொன்று பறித்து விளையாடுகின்றன. ஏவலாளாயிருந்த பல்லியம் அப்பொழுதிலேனும் தோழனாகின்றது. போலந்து நடனத்தால் வீடுதோறும் அறியப்பட்டவரின் மெல்லிய கை இப்பகுதியிற் புலப்படுகின்றது. சைக்கோவ்ஸ்கியின் உருவிலே இதற்கு நிகராக வைத்தற்குரிய பகுதி யாதென வினவுவது வீண். இரண்டின் நோக்கமும் வேறு. இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளாதிருப்பதே இரண்டுக்கும் செய்யும் நன்மை.

மூன்றாம் பகுதியில் முதற்பகுதியின் கருப்பொருள்கள் திரும்பும் இடம் வருகின்றது. சைக்கோவ்ஸ்கியின் பெரும் பாட்டு மீளாதது. ஷார்வெங்காவின் சிறு கருக்கள் மீள்வன. முதற்பகுதியை ஊன்றிக் கேட்டவர், முன்னர்ச் சினந்து எழுந்த அதே ஒலி பொழுதெல்லாம் உடன்வந்து இப்போது வேறு முகத்தோடு முன்னே நிற்பதை அறிவர். ஒரு பாட்டு வருமென்று காத்திருந்தவர்க்கு அவ்விடம் மற்றுமொரு பேரொலியாகவே கடந்துபோகும்.