கவுண்டர்-ஸ்ட்ரைக் 2: ஆட்டமும் கடையும்

முதல் ரவுண்டு தொடங்கும்போது ஒவ்வொருவர் கையிலும் 800 டாலர். ஏகே-47 வாங்க 2700 வேண்டும், தொலைநோக்கி வைத்த ஏடபிள்யூபிக்கு 4750. அதனால் இரண்டு அணிகளின் பத்துப் பேரும் கைத்துப்பாக்கியோடுதான் இறங்கியாக வேண்டும். இருக்கிற 800இல் கவசம் வாங்கினால் 650 போய்விடும். மிச்சமுள்ள 150க்கு ஒரு ஸ்மோக் (புகைக்குண்டு) கூட வராது. பாமைச் செயலிழக்க வைக்கும் கிட்டுக்கு 400, ஸ்மோக்குக்கு 300 என்று செலவழித்தால் உடம்பில் கவசம் இருக்காது. யார் கிட் எடுப்பது, யார் கவசம் போடுவது என்று தடுக்கும் அணியின் ஐந்து பேரும் சில விநாடிகளில் பேசி முடிக்க வேண்டும். இங்கே தப்புக் கணக்குப் போட்ட அணி, சுடத் தொடங்கும் முன்பே பாதி தோற்றுவிட்டது.

கவுண்டர்-ஸ்ட்ரைக் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நிற்கக் காரணம் இந்தப் பணக்கணக்குதான் என்பது என் கட்சி. குறிபார்த்துச் சுடும் ஆட்டங்கள் ஆயிரம் வந்து போயிருக்கின்றன. காசு இல்லாத ஆட்டக்காரன் என்ன செய்வான் என்ற கேள்வியை இவ்வளவு கறாராகக் கேட்ட ஆட்டம் வேறில்லை. அதே ஆட்டத்தை வைத்திருக்கும் வால்வ் நிறுவனம், ஆட்டத்துக்கு வெளியே ஒரு கடையைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கடையை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் மதிப்பிடுவது நேர்மையாகாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் மேல் இதை ஒரு மோடாகக் கட்டினார்கள். 2000இல் வால்வ் அதை வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்தது. 2000களில் நம் ஊர்க் கல்லூரி விடுதிகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் லேன் போட்டு ஆடப்பட்டது 1.6 என்ற பதிப்பு. டஸ்ட் 2 வரைபடத்தின் சந்து பொந்தெல்லாம் அந்தத் தலைமுறைக்குச் சொந்தத் தெரு மாதிரி. 2012இல் குளோபல் அஃபென்சிவ் வந்தது. 2023 செப்டம்பர் 27 அன்று அதன் இடத்தில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 உட்கார்ந்தது. 2025இல் ஒரே நேரத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

விதிகள் எளியவை. ஐவர் அணி இரண்டு. டி (டெரரிஸ்ட்) தரப்பு பாமைக் கொண்டுபோய் இரண்டு சைட்டுகளில் ஒன்றில் வைக்க வேண்டும். சிடி (கவுண்டர்-டெரரிஸ்ட்) தரப்பு தடுக்க வேண்டும். செத்தால் அந்த ரவுண்டு முடியும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். வைத்த பாம் 40 விநாடியில் வெடிக்கும். செயலிழக்க வைக்க 10 விநாடி ஆகும், கிட் இருந்தால் 5.

ஆட்டத்தின் ஆழம் அந்த ஐந்து விநாடி வித்தியாசத்தில் இருக்கிறது. ஒரு ரவுண்டின் கடைசியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர்தான் உயிரோடு. பாம் துடித்துக்கொண்டிருக்கிறது. டி ஆள் ஒரு பெட்டிக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறான். சிடி ஆள் பாமைத் தொட்டதும் ஒரு சத்தம் கேட்கும். அது உண்மையான வேலையா, தன்னை வெளியே இழுக்கப் போடும் நாடகமா? தலையை நீட்டினால் சுடுவான்; நீட்டாவிட்டால் முடித்துவிடுவான். எதிராளியிடம் கிட் இல்லை என்று நம்பினால், பத்து விநாடிக்குக் கீழே போகும்வரை பேசாமல் இருந்தாலே ஜெயம். கிட் இருந்துவிட்டால் அந்த நம்பிக்கையே சாவு. சற்று முன்பு கடைத்திரையில் ஒருவன் 400 டாலரை எதில் போட்டான் என்பது இங்கே வந்து தீர்ப்பாகிறது. குறிபார்க்கும் திறமைக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் இரண்டாவது பங்குதான்.

தோற்றவருக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் யோசித்து வைக்கப்பட்டது. தொடர்ந்து தோற்கத் தோற்க அது 1400இலிருந்து ஐநூறு ஐநூறாக ஏறி 3400இல் நிற்கும். அதனால் தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஒரு ரவுண்டை வேண்டுமென்றே கைத்துப்பாக்கியோடு விட்டுக்கொடுத்து, அடுத்த ரவுண்டில் முழு ஆயுதத்தோடு வரலாம். ஆட்டக்காரர்கள் இதை எக்கோ என்பார்கள். பாம் வைக்காமலேயே நேரத்தைக் கடத்தித் தோற்றால், உயிரோடு பதுங்கியிருந்த டி ஆளுக்குச் சல்லிக்காசு கிடையாது, பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு அபராதம். சாதாரண ரைஃபிளால் ஒருவரை வீழ்த்தினால் 300, ஏடபிள்யூபியால் வீழ்த்தினால் 100, கத்தியால் குத்தினால் 1500. ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் ஆயுதத்துக்கு விலையும் அதிகம், வரும்படியும் குறைவு. பலம் எங்கே கூடுகிறதோ அங்கே வரி போடும் இந்த ஏற்பாட்டை ஒரு நிதியமைச்சரிடம் காட்டலாம்.

துப்பாக்கிகளும் அதே கறாரோடு செய்யப்பட்டவை. ஏகே-47 எந்தப் பக்கம் உதைக்கும் என்பது நிலையானது: முதலில் மேலே, பிறகு பக்கவாட்டில் இழுத்து ஆடும். அந்தப் போக்கை மவுஸால் எதிர்த்து இழுக்கக் கற்றுக்கொண்டவனுக்கு முப்பது குண்டும் வசப்படும். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கோ போகும். எதிர்த்திசைக் கீயை ஒரு கணம் தட்டி உடம்பை நிறுத்திச் சுட வேண்டும். இதற்குக் கை பழக மாதங்கள் ஆகும். புதிதாக வருபவரை இந்த ஆட்டம் கைபிடித்து அழைத்துப் போவதே இல்லை. வந்த முதல் வாரம் முழுக்கச் செத்துக்கொண்டேதான் இருப்பீர்கள், ஏன் செத்தீர்கள் என்றும் புரியாது. புதியவர்களுக்குப் பயிற்சி தருவதில் வால்வ் காட்டும் இந்த அலட்சியத்தைத் தூய்மை என்று புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாம் பதிப்பு இந்த அடித்தளத்துக்கு என்ன செய்தது? ஸ்மோக்கில் பெரிய முன்னேற்றம். இப்போது புகை உண்மையாகவே இடத்தை நிரப்புகிறது. கதவு வழியாகக் கசிகிறது, எல்லோர் திரையிலும் ஒரே மாதிரித் தெரிகிறது. குண்டு பாய்ந்தால் அதில் துளை விழும். கையெறிகுண்டு போட்டால் சில விநாடிகளுக்குப் புகை விலகி, எதிரே நிற்பவன் தெரிவான். முன்பு ஸ்மோக் ஒரு சுவர், போட்டுவிட்டு மறந்துவிடலாம். இப்போது அதை உடைக்க எதிராளி 300 டாலரைத் தயாராக வைத்திருக்கிறானா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. புதிய தொழில்நுட்பம் பழைய பணக்கணக்கோடு பொருந்திப் போன இடம் இது.

மற்ற மாற்றங்கள் இவ்வளவு சுத்தமாக இல்லை. சர்வர் விநாடிக்கு 64 முறை உலகத்தைப் புதுப்பிக்கிறது; ஒவ்வொரு முறையும் ஒரு டிக். சப்-டிக் முறையில் இடைப்பட்ட கணங்களில் அழுத்திய பொத்தானும் நேரம் குறிக்கப்பட்டுப் போவதால் டிக் எண்ணிக்கை இனி பொருட்டல்ல என்று வால்வ் சொன்னது. கொள்கை சரிதான். அனுபவத்தில், சுவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த பிறகும் செத்து விழும் எரிச்சல் தீரவில்லை. பழைய ஆட்டத்தை அப்படியே அகற்றிவிட்டு இதை வைத்ததும் சரியில்லை: மேக் கணினிக்கான ஆதரவு போயிற்று, டேஞ்சர் ஸோன் என்ற ஆட்டமுறை போயிற்று, ஆர்ம்ஸ் ரேஸ் என்ற ஆட்டமுறை சில மாதம் கழித்தே திரும்பியது.

போட்டியின் நீளத்தைக் குறைத்தது தனியாகப் பேச வேண்டிய விஷயம். முன்பு 16 ரவுண்டு ஜெயிக்க வேண்டும், இப்போது 13. பார்வையாளருக்கு இது வசதி. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு பாதிகளின் முதல் ரவுண்டும் கைத்துப்பாக்கி ரவுண்டு. அதை வென்ற அணி அடுத்த ரவுண்டையும் பெரும்பாலும் வெல்லும், எதிராளியிடம் காசு இருக்காது. ஆக இரண்டு கைத்துப்பாக்கி ரவுண்டுகளால் நான்கு வெற்றிகள் கையில் வரலாம். தேவைப்படும் 16இல் அது கால் பங்கு. 13இல் ஏறத்தாழ 31 சதவீதம். நிச்சயமின்மை அதிகமுள்ள ரவுண்டுகளுக்கு எடை கூடிவிட்டது, மீண்டு வரும் அவகாசம் குறைந்துவிட்டது. 2016இல் கொலம்பஸ் மேஜர் அரையிறுதியில் மிராஜ் வரைபடத்தில் 9-15 என்று பின்தங்கியிருந்த லுமினாசிட்டி அணி, அதன் ஆட்டக்காரர் கோல்ட்ஸெரா குதித்துக்கொண்டே ஏடபிள்யூபியால் சுட்ட அந்த ரவுண்டுக்குப் பிறகு மீண்டு, கோப்பையையும் கொண்டுபோனது. இன்றைய விதியில் அந்த ஆட்டம் 13ஐத் தொட்டபோதே முடிந்திருக்கும்.

போட்டியாளர்களோடு ஒப்பிட்டால் படம் தெளிவாகும். 2015இன் ரெயின்போ சிக்ஸ் சீஜில் சுவரையே உடைக்கலாம். தந்திரத்துக்கு அதில் பஞ்சமில்லை, ஆனால் எழுபதுக்கும் மேற்பட்ட ஆபரேட்டர்களின் வித்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டும். 2020இல் ரயட் கொண்டுவந்த வாலரன்ட் கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் எலும்புக்கூட்டை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி ஆற்றல் கொடுத்தது. அதன் சர்வர் 128 டிக், ஏமாற்றுத் தடுப்பு கடுமையானது. பராமரிப்பில் வாலரன்ட் முன்னே நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆட்ட நேர்மையில் கவுண்டர்-ஸ்ட்ரைக் முன்னே: ஒரு தரப்பில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே கடை, ஒரே விலைப்பட்டியல், செத்தவனுக்குக் காரணம் சொல்ல முடியும்.

ஏமாற்று விஷயத்தில் இந்தியாவுக்கு ஒரு கசப்பான நினைவு உண்டு. 2018இல் ஷாங்காயில் நடந்த போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர், தானே குறிபார்க்கும் மென்பொருளோடு பிடிபட்டார். அந்தக் கோப்புக்கு வைத்திருந்த பெயர் வேர்ட் டாட் இஎக்ஸ்இ. அணியே கலைக்கப்பட்டது. ரயட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்ட் கணினியின் அடிமட்டம்வரை இறங்கிக் காவல் காக்கிறது. வால்வின் தடுப்பு மென்பொருளான வேக் அவ்வளவு ஆழம் போவதில்லை. அந்தரங்கத்தை மதிக்கும் அந்த முடிவு எனக்குப் பிடிக்கும், அதற்கான விலையைச் சாதாரண ஆட்டக்காரர் கொடுக்கிறார் என்பதும் தெரியும். மேல்நிலைப் போட்டிகளை விரும்புபவர்கள் பேஸ்இட் போன்ற வெளித் தளங்களுக்குப் போவதே வால்வின் தோல்விக்குப் போதுமான சாட்சி.

இனி கடை. 2013 ஆகஸ்டில் வந்த ஒரு அப்டேட் துப்பாக்கிகளுக்கு வண்ணத்தோல்களையும், அவை அடைபட்ட கேஸ்களையும் கொண்டுவந்தது. கேஸ் ஆட்டத்தில் தானாகக் கிடைக்கலாம். திறக்கும் சாவிக்கு 2.49 டாலர். உருளும் படங்கள் மெல்ல வேகம் குறைந்து, விலையுயர்ந்த கத்தியைத் தாண்டி ஒரு நீலத் தோலில் வந்து நிற்கும். சீனச் சட்டத்தின் கட்டாயத்தால் 2017இல் வெளியான விகிதங்களின்படி, ஏறத்தாழ 80 சதவீதம் அந்த நீல வகை. கத்தி போன்ற அபூர்வப் பொருளுக்கு 0.26 சதவீதம். அதாவது சராசரியாக 385 கேஸுக்கு ஒன்று, சாவிக்கு மட்டும் 950 டாலருக்கு மேல். வந்த பொருளை வால்வின் ஸ்டீம் சந்தையில் விற்றால் 15 சதவீதம் கழிவாகப் போகும்.

இதை ஆதரிப்பவர்களின் வாதம் பலவீனமானதல்ல. ஆட்டம் இலவசம், தோல் எதுவும் குண்டின் வலிமையைக் கூட்டாது, ஸ்டிக்கர் விற்பனையில் ஒரு பங்கு அணிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் போகிறது, வாலரன்டின் தோலை விற்க முடியாது, இதை விற்கலாம். நான்காவது வாதம்தான் வழக்கைக் கெடுக்கிறது. விற்க முடிவதால்தான் தோல் சூதாட்டச் சீட்டாக மாறியது. தோலைப் பந்தயமாக வைக்கும் வெளித்தளங்கள் முளைத்தன. 2016இல்தான் வால்வ் அவற்றுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. வேண்டுமென்றே தோற்ற போட்டிக்காக ஐபைபவர் அணியின் ஆட்டக்காரர்களை 2015இல் வால்வே தடை செய்தது; அங்கே கைமாறியவையும் தோல்கள்தான். 2018இல் பெல்ஜியமும் நெதர்லாந்தும் கெடுபிடி செய்ததும் அந்த நாடுகளில் மட்டும் கேஸ் திறப்பு நின்றது. பிரான்சில் உள்ளே இருப்பதை முன்பே காட்டும் எக்ஸ்ரே முறை வந்தது. ஆனால் காட்டியதை வாங்கினால்தான் அடுத்ததைப் பார்க்கலாம், ஆக சூது ஒரு படி தள்ளிப்போயிற்றே தவிர ஒழியவில்லை. 2025 அக்டோபரில் ஐந்து சிவப்புத் தோல்களைக் கொடுத்துக் கத்தி பெறலாம் என்று ஒரே அப்டேட்டில் விதி மாறியதும், தோல்சந்தையின் மதிப்பில் 100 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. முதலீடு என்று நம்பி வாங்கி வைத்தவர்களைக் கேட்க யாரும் இல்லை.

இணைய ரம்மியை வைத்துத் தமிழ்நாட்டில் சட்டமன்றம் முதல் நீதிமன்றம்வரை இவ்வளவு பேசினோம். அந்தப் பேச்சில் கேஸ் என்ற சொல் என் காதில் விழுந்ததில்லை. விடலைப் பையன்கள் கூடும் இடத்தில் உருளும் சக்கரத்துக்கு ரம்மியைவிடக் குறைந்த கவனம் போதும் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

ஆகவே தீர்ப்பை மூன்றாகத்தான் தர முடியும். ஆட்ட விதிகள் முதல் தரம். அணியாக ஆடும் துப்பாக்கி ஆட்டங்களில் இதைவிடச் சீரான வடிவமைப்பை நான் பார்க்கவில்லை. பராமரிப்பு நடுத்தரம், ஸ்மோக்குக்காகக் கொடுக்கும் மதிப்பெண்ணை சப்-டிக்கும் ஏமாற்றுக்காரர்களும் தின்றுவிடுகிறார்கள். கடை தேறவில்லை. நான்கு நண்பர்கள் சேர்ந்தால் தாராளமாக ஆடுங்கள். வீட்டில் பிள்ளைகள் ஆடினால் ஸ்டீம் கணக்கில் கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். 0.26 சதவீதத்தில் கிடைக்கும் கத்தியும், கணக்கு தொடங்கியதுமே இலவசமாக வரும் கத்தியும் எதிராளிக்குச் செய்யும் சேதம் ஒன்றேதான்.