வாய்க்காலைத் தாண்டுங்கள்

புதுச்சேரிக்கு வார இறுதியில் வரும் கூட்டம் கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, ஒரு கப் காபி என்று முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறது. ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், ஒரு முழு ஊரே இருக்கிறது. கேட்டால், "அங்கே வெறும் கடைத்தெருதானே?" என்கிறார்கள்.

அடிப்படைகளைச் சட்டென்று முடித்துவிடலாம். கட்டம் கட்டமான தெருக்கள் 1690-களில் இங்கிருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம். 1761-இல் ஆங்கிலேயர் ஊரின் பெரும்பகுதியை இடித்தார்கள். அதே கோடுகளின்மேல் மறுபடி ஊர் எழுந்தது. மேற்கே வீடுகளுக்கு முற்றம், நாட்டு ஓடு, மரத்தூண். போதும்.

விஷயம் தாழ்வாரத்தில் இருக்கிறது. மேற்குப் பக்கத்து வைசியாள் வீதியில் நின்று பார்த்தால் புரியும். தாழ்வாரம் வேறு, திண்ணை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர் எத்தனை கட்டுரை எழுதியிருந்தாலும் வீட்டைப் பார்த்தவரல்ல. தாழ்வாரம் தெருவோரம் மரத்தூண்களின்மேல் சாய்ந்திறங்கும் ஓட்டுக்கூரை. வெயிலுக்கோ மழைக்கோ ஒதுங்குகிறவர் யாரென்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. அதைத் தாண்டி உள்ளே, சுவரையொட்டிய மேடைதான் திண்ணை. அங்கே உட்கார்ந்தால் நீங்கள் விருந்தாளி. தண்ணீர் வேண்டுமா என்ற கேள்வி வரும். முற்றம் குடும்பத்துக்கு. ஒரு வாசலுக்குள் உறவின் மூன்று படிகள்! கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்த மஞ்சள் மதில், தெருவில் போகிறவரை வெளியே நிறுத்தக் கட்டியது.

தூணின் அடியையும் கவனியுங்கள். கல்லின்மேல் நிற்கும் மரம் ஈரத்துக்குத் தப்பும். சிமெண்டில் புதைத்த மரம் அடியிலிருந்து உளுக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டிவைக்கும். புதுப் பெயின்ட் அடித்ததெல்லாம் 'பாரம்பரியம்' ஆகிவிடாது.

வைசியாள் வீதி முகப்புகள் ஐரோப்பிய நிதியுதவியோடு சீரமைக்கப்பட்டு, யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் பெற்றன. நல்லதுதான். ஆனால், ரகசியமாகச் சொல்வதென்றால், பக்கத்துத் தெருக்களில் தாழ்வாரத்தை இரும்புக் கிராதி போட்டு அடைத்து, ஸ்கூட்டர் நிறுத்தியிருக்கும் வீடுகள்தான் இன்னும் சுவாரசியம். எது போயிற்று, எது மிஞ்சியது என்று கண்ணால் கணக்குப் போடலாம்.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில். கீழே தமிழ் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணிச் செங்கல் தூண்கள். 'கலவை' என்ற ஒற்றைச் சொல்லோடு வழிகாட்டிகள் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கீழ்த்தளத்திலேயே நில்லுங்கள். இந்தத் தெருக்களுக்கு வெயில் ஏறுமுன் காலையில் போவது நல்லது. ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் படமெடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் தாழ்வாரத்திலேயே நின்று பாருங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.