கனமே காவல்

“என் விரல்தான் என் சேஃப்டி.” அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளிலும் சுடுதளங்களிலும் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. கிளாக் போன்ற கைத்துப்பாக்கியின் ட்ரிகர் எடையைப் பாதியாகக் குறைத்து, தோட்டா நிரப்பி, இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடப்பவரிடம் “இது ஆபத்தில்லையா?” என்று கேட்டுப் பாருங்கள்; இந்தப் பதில்தான் வரும். இது தவறான பதில் என்று பல காலமாகச் சொல்லிவருகிறேன். உதிரிபாகச் சந்தை பெருகப் பெருக, ஒரு முழு வழக்கத்தையும் இந்த ஒற்றை வாக்கியம் தாங்கி நிற்கிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே எடைபோட வேண்டியிருக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆலையிலிருந்து வந்தபடியே துப்பாக்கியை வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கிளாக் துப்பாக்கிகள் பல்லாண்டுகளாகக் குறிபார்க்கும் பிளாஸ்டிக் சைட்டுடன் வந்தன. அதைக் கழற்றிவிட்டு எஃகு சைட்டோ, இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் சைட்டோ பொருத்துவது கொடுத்த காசுக்குத் தகும். ஐம்பது வயதைக் கடந்த கண்ணுக்கு, ஒளிப்புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் ஒரு வரம். பின் சைட், முன் சைட், இலக்கு என்று மூன்று தூரங்களுக்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் வந்து உட்காரும். கைக்குப் பொருந்தும் பிடி, வியர்த்தாலும் வழுக்காத மேற்பரப்பு ஆகியவையும் நல்ல மாற்றங்களே. விலையுயர்ந்த குழலை வாங்கிப் போடுவது பெரும்பாலோருக்கு வீண்செலவு, ஆனால் அதனால் தீங்கில்லை. இவற்றில் எதுவும் துப்பாக்கி எப்போது வெடிக்க வேண்டும், எப்போது வெடிக்கக் கூடாது என்ற கணக்கில் கைவைப்பதில்லை. ட்ரிகர் கைவைக்கிறது. என் சண்டை ட்ரிகரோடுதான்.

லேசான ட்ரிகர் மீதான மோகம் கிளாக்கோடு பிறந்ததல்ல. அது 1911 துப்பாக்கியின் சொத்து. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்க இராணுவம் அந்த ஆண்டில் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி அது. அதன் ட்ரிகர் நேர்கோட்டில் பின்னால் நகரும். கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோலச் சட்டென்று விடுபடும். 1976இல் மிசூரியின் கொலம்பியா நகரில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கான ஐ.பி.எஸ்.சி. அமைப்பு தோன்றி, ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவரானார். அதன்பின் அந்தப் போட்டிக்களத்தில் துப்பாக்கிக் கம்மியர்கள் 1911இன் ட்ரிகரை மேலும் மேலும் இழைத்தார்கள். அவர்கள் செய்ததில் பிழை காண எனக்கு மனமில்லை. ஏனென்றால் அந்தத் துப்பாக்கிக்கு வேறு இரண்டு பூட்டுகள் உண்டு. கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் சேஃப்டி ஒன்று; உள்ளங்கை பிடியை இறுகப் பற்றினால் மட்டுமே விலகும் சேஃப்டி மற்றொன்று. இரண்டும் ட்ரிகரைச் சாராமல் தனித்து வேலை செய்பவை. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் இருக்கும்போது சாவி எளிதாகத் திரும்பினால் குற்றமில்லை.

ஆஸ்திரிய இராணுவம் 1982இல் ஏற்றுக்கொண்ட கிளாக் 17 முற்றிலும் வேறு கணக்கில் உருவானது. காஸ்டன் கிளாக் அதில் கட்டைவிரல் சேஃப்டியே வைக்கவில்லை. உள்ளே மூன்று காப்புகள் உண்டு. ஆனால் ட்ரிகரை இழுத்தால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிவிடும். எனவே தோட்டாவுக்கும் உலகத்துக்கும் நடுவே எஞ்சி நிற்பவை இரண்டே: ட்ரிகர் பயணிக்க வேண்டிய ஏறத்தாழ அரை அங்குல தூரம், அதை இழுக்கத் தேவையான சுமார் 5.5 பவுண்டு, அதாவது 2.5 கிலோ விசை. 1911இல் பழகிய விரலுக்கு இது சேற்றில் கால் வைத்ததுபோல இருக்கும். உண்மைதான். ஆனால் அந்தத் தூரமும் கனமும் வடிவமைப்பில் நேர்ந்த குறைகள் அல்ல. அவையே பூட்டு. 1911இன் ட்ரிகரைக் கிளாக்கில் தேடுபவர், 1911இன் இரண்டு தாழ்ப்பாள்களை விட்டுவிட்டு எளிதாகத் திரும்பும் சாவியை மட்டும் கொண்டுவருகிறார்.

எவ்வளவு எளிது என்பதைக் கையில் ஏந்திப் பார்க்கலாம். 17 தோட்டாக்களும் நிரப்பிய கிளாக் 17 ஏறத்தாழ 900 கிராம் இருக்கும். ஆர்வலர்கள் பெருமையோடு சொல்லும் 2 பவுண்டு ட்ரிகரும் அதே 900 கிராம்தான். துப்பாக்கியின் சொந்தக் கனமே அதன் ட்ரிகரை இழுத்துவிடும் எல்லைக்கு வந்துவிட்டோம். இன்றைய ஒலிம்பிக்கில் தோட்டா சுடும் பிஸ்டல் போட்டிகள் இரண்டு. இரண்டும் 25 மீட்டர் தூரத்தில் நடப்பவை. அவற்றில் ட்ரிகர் எடை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிக்கிறார்கள். அங்கே எதிரே இருப்பது வெறும் இலக்கு. சுடுபவர் நின்ற இடத்தில் நிற்கிறார், நடுவர் கட்டளைக்குப் பிறகுதான் சுடுகிறார். அந்த அமைதியிலும் அனுமதிக்காத லேசான ட்ரிகரை, கூட்டம் நிறைந்த கடைவீதிக்கு இடுப்பில் செருகிப் போவதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

“விரலை ட்ரிகரில் வைக்காவிட்டால் அது எவ்வளவு லேசாக இருந்தால் என்ன?” என்பார்கள். பயிற்சி அறையில் இது சரி. அச்சம் தொற்றிய உடலில் சரியில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் அறிஞர் ரோஜர் எனோகா, தன்னையறியாமல் கை இறுகும் மூன்று தருணங்களைப் பிரித்துக் காட்டினார். ஒரு கை எதையேனும் பலமாகப் பற்றும்போது மறுகையும் சேர்ந்து இறுகுவது ஒன்று. கால் இடறி உடல் சாயும்போது கை எதையோ பிடிக்கப் பார்ப்பது இரண்டாவது. திடீர்ச் சத்தத்தில் உடல் முழுவதும் துணுக்குறுவது மூன்றாவது. தற்காப்புக்குத் துப்பாக்கியை எடுக்கும் சூழலில் இந்த மூன்றும் ஒரே நிமிடத்தில் நேரலாம். அப்படி இறுகும் கை கனமான ட்ரிகரையும் இழுத்துவிடக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் அரை அங்குலமும் இரண்டரைக் கிலோவும் ஒரு நொடியின் சிறு பகுதியை மனிதனுக்குத் திருப்பித் தருகின்றன. அந்தச் சிறு பகுதியில்தான் ஓர் உயிர் இருக்கிறது.

விரல் ட்ரிகரின் பக்கமே போகாதபோதும் துப்பாக்கி வெடிப்பதுண்டு. துப்பாக்கியைத் திரும்ப உறையில் செருகும்போது சட்டை நுனி ட்ரிகரில் மாட்டிக்கொள்ளும். குளிர்ச்சட்டையின் நாடா முனையிலுள்ள பிளாஸ்டிக் குமிழ் உள்ளே நுழைந்துவிடும். பழைய தோலுறையின் வாய் மடிந்து ட்ரிகரை அழுத்தும். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் எல்லோரும் இதைச் சொல்லி எச்சரிப்பது காரணமில்லாமல் அல்ல. துப்பாக்கி மெதுவாக உறையில் இறங்கும்போது ஏதோ தடுக்கிறது என்று கைக்கு உணர்த்துவது ட்ரிகரின் கனம் ஒன்றே. அந்தக் கனத்தைக் காசு கொடுத்துக் கழற்றிப் போட்டவரின் விரல் இங்கே எதற்குக் காவல்? அது அந்த இடத்திலேயே இல்லை.

லேசாக்கும் வழியும் ஆபத்தானது. கைத்துப்பாக்கி என்பது ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஸ்பிரிங்குகளின் கூட்டு. தோட்டாவைக் குத்தும் ஸ்டிரைக்கரின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் ட்ரிகர் லேசாகும். கூடவே தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமரைக் குத்தும் வலுவும் குறையும். போட்டிக்காரர்கள் மென்மையான பிரைமர் உள்ள தோட்டாக்களைத் தேடிப் பிடித்து வாங்குவது இதனால்தான். போட்டியில் தோட்டா வெடிக்காமல் போனால் சில புள்ளிகள் போகும். தற்காப்பில் போவது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய நிறுவனமே ட்ரிகர் விஷயத்தில் சறுக்கியிருக்கிறது. 2017 ஜனவரியில் சிக் சவர் பி320 துப்பாக்கியை அமெரிக்க இராணுவம் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. விழுந்த அதிர்ச்சியில் ட்ரிகர் தன் சொந்தப் பொருண்மையாலேயே பின்னால் நகர்ந்ததுதான் காரணம். ட்ரிகரையும் அதைச் சார்ந்த பாகங்களையும் எடை குறைந்தவையாக (இழுக்கும் விசையை அல்ல, துண்டுகளின் சொந்த எடையை) மாற்றித்தான் நிறுவனம் அதைச் சரிசெய்ய முனைந்தது. பொறியாளர் படையும் சோதனைக்கூடமும் உள்ள இடத்திலேயே ட்ரிகர் துண்டின் சில கிராம் இப்படி விளையாடியிருக்கிறது. ஒரு கடையில் வாங்கிய உலோக ட்ரிகர், இன்னொருவர் செய்த, ட்ரிகரின் கனத்தை நிர்ணயிக்கும் கனெக்டர், மூன்றாமவரின் ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து ஒரே துப்பாக்கியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை யார் சோதித்தார்கள்? ஒவ்வொரு பாகமும் தனித்தனியே தரமானதாக இருக்கலாம். அந்தக் கலவையை நான்கடி உயரத்திலிருந்து யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று நியூயார்க் காவல்துறை. தவறுதலாகச் சுடுவதைத் தடுக்க அது 12 பவுண்டு ட்ரிகரைக் கட்டாயமாக்கியது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தருகே காவலர் இருவர் ஒரு கொலையாளியைச் சுட்டபோது வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். கனமான ட்ரிகர் குறியைக் கலைக்கும் என்ற வாதம் அப்போது வலுத்தது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சான்று 12 பவுண்டுக்கு எதிரானது. 2 பவுண்டுக்கு ஆதரவானது அல்ல. ஆலை தரும் ஐந்தரை பவுண்டுக்கு எதிராக அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நீதிமன்றப் பக்கத்தைத் துப்பாக்கிப் பயிற்சியாளர் மாசாட் அயூப் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார். தற்காப்பு என்பது தெரிந்தே சுட்டேன் என்ற வாதம். ட்ரிகரை லேசாக்கியவரைப் பார்த்து, ‘நீ சுடவில்லை, கவனக்குறைவால் வெடித்துவிட்டது’ என்று அரசுத் தரப்பு சொல்ல முடிந்தால் தற்காப்பு என்ற கவசமே கழன்றுவிடும். இது எல்லா வழக்கிலும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எதிராளியின் கையில் அந்த வாதத்தை நாமே ஏன் கொடுக்க வேண்டும்?

இவ்வளவும் எதற்காக? குறி சற்றுத் திருந்தும் என்பதற்காக. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெரும்பாலோரின் குறி தப்புவது ட்ரிகரின் கனத்தால் அல்ல. வெடிச்சத்தத்தை எதிர்பார்த்து, இழுக்கும் முன்பே கை குனிந்துவிடுவதால். அந்தக் குனிவை எந்த உதிரிபாகமும் நிமிர்த்துவதில்லை. லேசான ட்ரிகர் அதைச் சில நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். 150 டாலர் ட்ரிகரின் விலையில், தோட்டா ஒன்று 30 சென்ட் என்றால் 500 தோட்டாக்கள் கிடைக்கும். வெற்றுத் துப்பாக்கியை வீட்டுச் சுவரை நோக்கிப் பிடித்து, சைட் அசையாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுவதற்கு அந்தச் செலவும் இல்லை. தினம் பத்து நிமிடம் அப்படிப் பழகிய விரலுக்கு ஐந்தரை பவுண்டு பாரமாகத் தெரியாது. அந்த விரல்தான் சேஃப்டி என்ற பெயருக்குக் கொஞ்சமாவது அருகில் வரக்கூடியது. அப்படிப்பட்ட விரல் உள்ளவர் லேசான ட்ரிகரைத் தேடுவதில்லை.