கன்ஸாவின் இரங்கற்பாவில் கூறியது கூறல்

‘கூறியது கூறல்’ குற்றம் என்பது நம் இலக்கண நூலார் துணிபு. அவ்வாறாயின், அரபுலகம் போற்றும் ஓர் இரங்கற்பாவில் ஒரே பெயர் அடுத்தடுத்து ஐந்து அரையடிகளின் முதலில் வருவதை எங்ஙனம் கொள்வது? பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய பெண்பாற் புலவர் கன்ஸா (ரலி), தம் தந்தைவழிச் சகோதரர் ஸக்ரின் மறைவுக்கு இரங்கிப் பாடிய, ‘ரா’ எழுத்தில் இயைபு கொண்ட கஸீதாவையே குறிப்பிடுகிறோம்.

இப்பாடல் ‘பஸீத்’ என்னும் சந்தத்தில் அமைந்தது. நெடிய சீரும் குறுகிய சீரும் மாறி மாறி வர, அடியின் இறுதிச் சீர் இரண்டு நெட்டசைகளாகச் சுருங்கி நிற்கிறது. ஓடிவந்த மூச்சு தடைப்படுவது போன்ற நிறுத்தம் அது. காஃபியா விழுவதும் அவ்விடத்திலேதான். நம் எதுகை அடியின் தலையில் ஒலிக்கும். காஃபியா கடையில் ஒலிக்கும். ஆகவே, அப்பகுதியில் தலையில் மாறாத பெயர். கடையில் மாறாத ஓசை. இடையே புகழுரை மட்டும் மாறுகிறது: காவலர், தலைவர், பஞ்சத்தில் ஒட்டகம் அறுத்து விருந்திடுபவர்.

‘ஸக்ர்’ என்றால் பாறை என்பது பொருள். உறுதிச்சொல்லோடு அப்பெயர் தொடங்கும் வாக்கியங்களில், அவரைக் குறித்து ‘இருந்தார்’ என்னும் வினை இல்லை. முன்னர் அவ்வினையை ஆண்ட புலவரே இங்கு அதனைக் கைவிடுகிறார். பெயர் ஒலிக்கும் வரை அவர் இறந்தவரல்லர். ஐந்தாம் முறைக்குப்பின் அவ்வொலி ஓயும்போதே இழப்பின் அளவு நமக்குப் புலனாகிறது.

எனவே, புதுப்பயன் தராத கூற்றுக்கே குற்றம் பொருந்தும். இவ்வைந்தையும் ஒன்றாகச் சுருக்கி மொழிபெயர்ப்போர், சொற்செட்டைப் பெற்றுப் பாடலை இழப்பர்.