நிலம் காணுமுன்: மார்க் ட்வைனின் பயணநூலில் கப்பல்வாழ்வும் காலவுணர்வும்

1867 ஜூன் 8 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட குவேக்கர் சிட்டி என்னும் நீராவிக் கப்பலின் பயணம் வாணிகத்திற்கானதும் அன்று, குடிபெயர்வுக்கானதும் அன்று. ஐரோப்பாவையும் புனித நாட்டையும் கண்டு திரும்புவதற்கென ஆளுக்கு 1,250 டாலர் கட்டணம் வைத்து ஒழுங்கு செய்யப்பட்ட உல்லாசப் பயணம் அது. ஐந்து மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. நாளிதழ் மடல்கள் எழுதும் பொறுப்புடன் அதில் சென்ற மார்க் ட்வைன், அம்மடல்களைத் திருத்தியும் விரித்தும் 1869இல் 'தி இன்னசென்ட்ஸ் அப்ராட்' என்னும் நூலாக வெளியிட்டார். பாரிசும் ரோமும் எருசலேமும் வரும் பகுதிகளுக்காகவே இந்நூல் பெரிதும் நினைக்கப்படுகிறது. அசோர்ஸ் தீவுகள் கண்ணில் படுமுன் அமைந்த கடல் இயல்களோ வெறும் முன்னுரையாகக் கருதப்பட்டுக் கடந்து செல்லப்படுகின்றன. நூலின் நோக்குநிலை உருக்கொள்வது இவ்வியல்களில்தான் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

புறப்பட்ட கப்பல் புயலுக்கு அஞ்சித் துறைமுக வாயிலிலேயே நங்கூரமிட்டுக் கிடந்தது. பெருங்கடலில் நுழைந்ததும் கடல்நோய் தொடங்குகிறது. தமக்கு அந்நோய் வரவில்லை என்னும் களிப்புடன், பிறர் படும் பாட்டை எடுத்துரைப்பாளர் வேடிக்கை பார்க்கிறார். இது எளிய நகைச்சுவை. இங்கு நின்று ஆராய மிகுதியாக ஒன்றுமில்லை. நான்காம் இயலில் நிலை மாறுகிறது. கப்பல்வாழ்வு ஏறத்தாழப் படைவீரர் குடியிருப்பின் ஒழுங்கை அடைந்துவிட்டது என்று கூறும் ட்வைன், அது முற்றிலும் சலிப்பானதன்று என்று உடனே திருத்தமும் சேர்க்கிறார். வாழ்விடம் பழகிப்போவதன் முதல் அடையாளமாக அவர் காட்டுவது மொழியை. நியூ இங்கிலாந்திலிருந்தும் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலிருந்தும் வந்த நிலவாழ் மாந்தர், ஒரு வாரத்திற்குள் காலை ஆறரையை 'ஏழு மணியோசை' என்று சொல்லத் தொடங்குகின்றனர். கப்பலின் இடப்புறம், வலப்புறம், முன்தளம் ஆகியவற்றை மாலுமிகளின் சொற்களாலேயே குறிக்கின்றனர். கடலைப் பற்றிய அறிவு வருமுன்பே கடலின் சொற்கள் வந்துவிடுகின்றன. பின்னர் ஐரோப்பிய ஓவியக்கூடங்களில் வழிகாட்டி நூல்களின் சொற்களைக் கடன் வாங்கி வியக்கும் பயணிகளை ட்வைன் எள்ளி நகையாடுவார். அவ்வெள்ளலின் வித்து இங்கேயே விழுந்துவிடுகிறது. அதிலிருந்து அவர் தம்மை விலக்கிக்கொள்ளவில்லை என்பதும் கருதத்தக்கது.

புளூச்சர் என்னும் இளைஞரின் கைக்கடிகார நிகழ்ச்சி இதைவிட நுட்பமானது. கப்பல் கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல அதன் நேரம் நாள்தோறும் முன்னேறுகிறது. இதனை அறியாத புளூச்சர், இல்லினாயில் 150 டாலருக்கு வாங்கிய தம் கடிகாரம் பழுதுபட்டதாக எண்ணி, அதை விரைவாக ஓடுமாறு முடுக்கிக்கொண்டே போகிறார். கப்பலை அவரால் எட்டவே முடியவில்லை. கடிகாரம் பிழையின்றி ஓடுகிறது. ஆனால் அது காட்டுவது விட்டு வந்த ஊரின் நேரத்தை. பயணி எதைச் சுமந்து செல்கிறான் என்பதை நூலின் நீண்ட கருத்துரைகள் எவற்றினும் தெளிவாக இச்சிறு நிகழ்ச்சி உரைத்துவிடுகிறது.

நாட்குறிப்புப் பகுதியும் காலத்தைப் பற்றியதே. இரவு வழிபாடு முடிந்ததும், ஆடும் விளக்குகளின்கீழ் இருபது முப்பது பேர் அமர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் எழுதுகின்றனர். முதல் இருபது நாட்களுக்கு நூறு பக்கம் எழுதாதவர் எவருமில்லை. பின்வந்த இருபதாயிரம் மைலுக்கு இருபது பக்கமேனும் எழுதியவர் பத்துப் பேர்கூட இரார் என்பது ட்வைனின் கணக்கு. இதனை மனித ஊக்கத்தின் நிலையாமை குறித்த கிண்டலாக மட்டும் கொள்ளுதல் போதாது. காணத்தக்கது எதுவுமில்லாத கடலில் பக்கங்கள் நிரம்புகின்றன. காட்சிகள் குவியும் நிலத்தில் அவை வெறுமையாகின்றன. எழுத்தைத் தோற்றுவிப்பது காட்சியன்று, ஓய்வே என்னும் முடிவுக்கு இவ்வியல் வாசகரை இட்டுச்செல்கிறது. காட்சிகளைப் பற்றி எழுதிப் பொருளீட்ட வந்த ஒருவரின் நூலில் இது இடம்பெறுவது வியப்புக்குரியது.

இவ்வியல்களின் நம்பகத்தன்மை குறித்து ஓர் ஐயம் எழக்கூடும். பயணம் முடிந்து திரும்பியவுடன் 'நியூயார்க் ஹெரால்டு' இதழுக்கு ட்வைன் எழுதிய மடல், நூலின் இறுதிப் பகுதியில் சேர்க்கப்பட்டுள்ளது. அதில் இவ்வுல்லாசப் பயணம் பிணமில்லாத இறுதி ஊர்வலத்திற்கு ஒப்பாகிறது. நடனம் மூன்று மாலைகள் மட்டுமே நிகழ்ந்ததாகவும், அதுவும் பாவமென முடிவு செய்யப்பட்டு நின்றதாகவும் மடல் கூறுகிறது. நான்காம் இயலிலோ அதே நடனம், கப்பல் சாயும் பக்கமெல்லாம் ஆடுவோர் கூட்டமாகச் சரிந்து கைப்பிடிக் கம்பிகளில் மோதும் பெருங்களிப்பாகக் காட்டப்படுகிறது. வழிபாடு நடந்த உணவுக்கூடத்தின் கேலிப் பெயரும் இவ்வாறே இடம் மாறுகிறது. பக்தியற்றோர் அதனை 'யூதச் செபக்கூடம்' என்று அழைத்ததாக இயல் கூறுகிறது. மடலில் ட்வைனே முழுக் கப்பலுக்கும் அப்பெயரைச் சூட்டுகிறார். இவற்றுள் ஒன்று மெய், மற்றது பொய் எனக் கொள்வது பொருந்தாது. நிகழ்ச்சிகள் ஒன்றே, ஐந்து மாத நெருக்கத்தின் கசப்பு ஆறுமுன் எழுதியது மடல், ஆறிய பின் நூலுக்கென அமைந்தது இயல். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்தது நூலின் நேர்மை எனலாம்.

இச்சித்திரிப்பில் குறையொன்று உண்டு. உணவுக்கு அழைக்கும் மணி ஒவ்வொரு நாளும் ஒலிக்கிறது. தேநீரும் வாட்டிய ரொட்டியும் நோயுற்றோர் இருக்குமிடத்திற்கே வந்து சேர்கின்றன. அவற்றைக் கொணர்ந்தவருக்கும், கீழ்த்தளத்தில் உலைக்குக் கரியிட்டவருக்கும் இவ்வியல்களில் ஏறக்குறைய இடமே இல்லை. அதிகாரிகள் மட்டும் நகைச்சுவைக்கு உதவும் அளவில் தோன்றுகின்றனர். ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எழுதிய முடிவுரையில், குவேக்கர் சிட்டி மீண்டும் நங்கூரம் எடுக்குமானால் மகிழ்ந்து ஏறுவேன் என்கிறார் ட்வைன். உடன்வர வேண்டியோராக அவர் குறிப்பிடுவது அதே தலைவனை, அதே யாத்திரிகர்களை, அதே பாவிகளை. கரியிட்டவர் அப்பட்டியலிலும் இல்லை.